பழைய ஸ்பீக்கர் பெட்டியின் மரப்பூச்சைப் புதுப்பித்தல்: முதன்முறை செய்பவர்களுக்கு

பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பெரும்பாலும் முதலில் செய்கிற தவறு, ஹார்டுவேர் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்குவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். என்னுடைய முதல் ஜோடியில் ஒரு பக்கவாட்டு விளிம்பை ஆர்வத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தபோது, பழுப்பு நிற வால்நட் ரேகை சட்டென்று மறைந்து, அதன் அடியில் இருந்த வெளிறிய தூள்பலகை விரலகலத்துக்குத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய வழியில்லாமல், வலப்பெட்டியை இடப்பக்கமும் இடப்பெட்டியை வலப்பக்கமும் மாற்றி, அந்த விளிம்பு சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டேன். பழைய பெட்டிகளின் மேல் ஒட்டியிருப்பது முழு மரமன்று, ஏடுபோல் சீவிய வெனீர் என்பதையும், அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது என்பதையும் அன்றுதான் கையால் அறிந்தேன். இந்தக் கட்டுரையில் உப்புத்தாள் மிகத் தாமதமாகவே வருவதற்குக் காரணம் அதுதான்.

விளக்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954-இல் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், 1967-இல் ஏஆர்-3ஏ என்ற ஸ்பீக்கரை வெளியிட்டது. ஏறத்தாழ 25 அங்குல உயரமும் 14 அங்குல அகலமும் கொண்ட, காற்றுப் புகாதபடி மூடிய பெட்டி அது. ஒன்று மட்டும் சுமார் 24 கிலோ எடை இருக்கும். அதன் பலவகை மரப்பூச்சுகளில் இன்று அதிகம் கண்ணில் படுவது எண்ணெய் பூசிய வால்நட். அதே காலத்தைச் சேர்ந்த ஜேபிஎல் எல்-100, அட்வென்ட், டென்மார்க்கில் செய்யப்பட்டு டைனாகோ பெயரில் விற்பனையான ஏ-25 ஆகியவற்றுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். நம் ஊர்த் தச்சர்கள் தேக்கு வெனீர் ஒட்டிச் செய்த பெட்டிகளுக்கும் பொருந்தும். அவற்றில் மேற்பூச்சு மட்டும் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

முதலில் அது மரம்தானா என்று பாருங்கள்

மரம்போலத் தோன்றுவதெல்லாம் மரமன்று. அட்வென்ட் நிறுவனத்தின் முதல் ஸ்பீக்கரே வால்நட் வெனீர் ஒட்டிய பெட்டியாகவும், மரவரி அச்சிட்ட வினைல் ஒட்டிய விலை குறைந்த பெட்டியாகவும் இரண்டு விதமாக விற்கப்பட்டது. ஐந்தடித் தொலைவிலிருந்து பார்த்தால் பலருக்கு வேறுபாடு தெரியாது. நல்ல வெளிச்சத்தில் மேற்பரப்பைக் கூர்ந்து பாருங்கள். அச்சிட்ட ரேகையில் ஒரே முடிச்சோ வளைவோ சில அங்குலங்களுக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். மரத்தில் அப்படி வராது. அடுத்து, பெட்டியின் பின்விளிம்பைக் கவனியுங்கள். வினைலாக இருந்தால் அது மூலையில் மடிந்து சுற்றிவந்து, வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் தாளைப்போல் உரிந்து நிற்கும். வெனீராக இருந்தால் மெல்லிய மர ஏட்டின் வெட்டுமுகம் ஒரு கோடாகத் தெரியும். வினைல் என்று உறுதியானால் இந்தக் கட்டுரையில் உங்களுக்குப் பயன்படுவது சுத்தம் செய்யும் பகுதி மட்டுமே. வினைலின்மேல் எண்ணெய் ஊறாது. உப்புத்தாள் பட்டால் அச்சு அழியும்.

வெனீர்தான் என்றால், விரல்நகத்தால் பெட்டி முழுவதையும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் இடம் கெட்டியான ஓசை தரும்; பசை விட்டுப்போன இடம் காய்ந்த அப்பளத்தைத் தட்டியதுபோல் பொள்ளென்று ஒலிக்கும். அந்த இடங்களை மாஸ்கிங் டேப்பின் சிறு துண்டுகளால் குறித்து வையுங்கள். முன்பு யாரேனும் தண்ணீர்ச் செம்பையோ பூந்தொட்டியையோ வைத்திருந்தால் மேற்பலகையில் வளையத் தழும்பு இருக்கும். அது வெள்ளையா கறுப்பா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

கழற்றுவதா, மூடுவதா?

ஒலி எழுப்பும் பாகங்களான ட்ரைவர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெற்றுப் பெட்டியில் வேலை செய்வதே சிறந்தது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் முதன்முறை செய்பவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மூடிய பெட்டி ஸ்பீக்கர்களில் ட்ரைவரின் விளிம்பைச் சுற்றிக் காற்றடைப்புக்காக வைத்த மக்கு ஐம்பது ஆண்டுகளில் இறுகியிருக்கும்; அதை நெம்பி எடுக்கும்போது, தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ட்ரைவராகிய வூஃபரின் சட்டமோ கம்பியோ சேதமாக வாய்ப்பு உண்டு. உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடி இழை கையில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகக் கூடாது. இவற்றைவிடப் பெரிய அபாயம் காந்தம். இரும்புத் திருப்புளியை வூஃபருக்கு அருகில் அசட்டையாகக் கொண்டுபோனால், காந்தம் அதை இழுக்க, நுனி காகிதக் கூம்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஆகவே, ட்ரைவர்களில் வேறு பழுது இல்லையென்றால் அவற்றை அப்படியே விட்டு, முன்பக்கத் துணிச்சட்டத்தை மட்டும் கழற்றுங்கள். பிறகு பெட்டியின் முன்முகத்தை அட்டையால் மூடி, ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டித் தூசியும் கரைப்பானும் போகாதபடி அடையுங்கள். டேப்பைப் பழைய பூச்சின்மேல் நாள்கணக்கில் விட்டுவைத்தால் உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். அன்றைய வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பின்புறத்தில் தொடர் எண் அச்சிட்ட தாள் இருந்தால் அதன்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து மூடுங்கள். ஈரம் பட்டு அந்தத் தாள் அழிந்தால் ஸ்பீக்கரின் அடையாளமே போய்விடும், விற்க நேர்ந்தால் விலையும் குறையும். வேலை தொடங்கும் முன் எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு ஸ்டீல் வுல் எனப்படும் இரும்பு நாரை வாங்கவே வாங்காதீர்கள். மேசை நாற்காலிகளுக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். ஸ்பீக்கருக்கு அது எதிரி. அதிலிருந்து உதிரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் காந்தத்தின் இழுப்பில், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் ஓடும் இடைவெளிக்குள் சென்று சேர்ந்தால், அங்கிருந்து வெளியே வாரா. பாட்டு ஓடும்போதெல்லாம் கரகரவென்று உரசும். மேலும் வால்நட்டில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. ரேகைக்குள் சிக்கிய இரும்புத் துகளில் பின்னாளில் ஈரம் பட்டால் மைப்பொட்டுபோலக் கறுக்கும். நாரின் வேலையைச் செய்ய, உலோகம் கலவாத ஸ்காட்ச்-பிரைட் வகைத் தேய்ப்பட்டை போதும்.

கழுவியபின் பாதி வேலை முடிந்திருக்கும்

சமையலறைப் புகையும் சிகரெட் புகையும் கை எண்ணெயும் பல அடுக்குப் பாலிஷும் சேர்ந்து உண்டான கறுப்புப் படலத்தைப் பார்த்துத்தான் பலர் பூச்சு கெட்டுவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைச் சில துளிகள் கலந்து, பருத்தித் துணியை அதில் நனைத்து, சொட்டாதபடி இறுகப் பிழிந்து, ரேகையின் போக்கிலேயே துடையுங்கள். உடனே வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், அதன்பின் உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். பெட்டியின் அடிப்பலகையில் ஒரு மூலையில் முதலில் முயன்று பார்த்துவிட்டு மேலே வாருங்கள். தண்ணீர் எங்கும் தேங்கக் கூடாது; வெனீரின் இணைப்புக் கோட்டில் புகுந்த நீர் உள்ளிருக்கும் தூள்பலகையை உப்பச் செய்யும், உப்பிய தூள்பலகை பழைய நிலைக்குத் திரும்பாது.

மெழுகும் எண்ணெய்ப்பிசுக்கும் சோப்புநீரில் போகா. அவற்றுக்குப் பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைத் துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும். துணி கறுக்கக் கறுக்க மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு ஜோடிக்கு ஏழெட்டுத் துணிகள் ஆவது வழக்கம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: டர்பன்டைன் ஈரமாக இருக்கும் சில நிமிடங்களில் மரம் காட்டும் நிறம், நாளை எண்ணெய் பூசியபின் வரப்போகும் நிறத்துக்கு மிக நெருக்கமானது. அந்த ஈர நிலையில் பெட்டி அழகாகத் தெரிந்தால், உங்களுக்குத் தேவை எண்ணெய் மட்டும்தான். உரிப்பதும் தேய்ப்பதும் வேண்டியதில்லை. என் கைக்கு வந்த பெட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட்டன.

மேலே பூசியிருப்பது எது?

பூச்சின் இனம் தெரியாமல் அதன்மேல் எதையும் பூசக் கூடாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். அடிப்பலகையின் ஒரு மறைவான மூலையும் மூன்று திரவங்களும் போதும். முதலில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சிறிது நேரத்தில் அது மரத்துக்குள் இறங்கி அந்த இடம் கறுத்தால், மேலே படலம் எதுவும் இல்லை; எண்ணெய்ப் பூச்சாக இருந்து அது வறண்டிருக்கிறது என்று கொள்ளலாம். துளி முத்தாகவே நின்றால் அதைத் துடைத்துவிட்டு, பஞ்சில் தொட்ட பிரெஞ்ச் பாலிஷ் ஸ்பிரிட்டை அதே இடத்தில் சற்று நேரம் வைத்து எடுங்கள். பூச்சு பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்கால் ஆன ஷெல்லாக். நம் தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷ் என்று சொல்வது இதைத்தான். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் என்.சி. தின்னருக்கு மட்டும் கரைந்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பாலியூரித்தேன், மெலமைன் போன்ற, பிற்காலத்தில் யாரோ அடித்த கெட்டிப் பூச்சாக இருக்கலாம்.

ஷெல்லாக்கும் லாக்கரும் ஆங்காங்கே மங்கியிருந்தால் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. அவை தம் கரைப்பானில் மீண்டும் கரைபவை என்பதால், சுத்தம் செய்த பரப்பின்மேல் அதே இனப் பூச்சை மெல்லிதாகக் கொடுத்தால் பழையதோடு இணைந்துவிடும். ஷெல்லாக்கைப் பஞ்சு பொதிந்த துணிப்பொட்டணத்தால் பூசுவதில் கைதேர்ந்த தச்சர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அதை அவரிடம் விட்டுவிடுவது நல்லது. ஆனால் எண்ணெய் பூசிய வால்நட் பெட்டியைப் ‘பளபளவென்று ஆக்கித் தருகிறேன்’ என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்தப் பெட்டிகள் பளபளக்கப் பிறந்தவையல்ல. விரல் வைத்தால் மரம் தட்டுப்பட வேண்டும், ஒளி அதில் மங்கலாக அமர வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் ஏஆர்-3ஏ ஒன்றைப் பார்த்தால், அதை அறிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

தழும்பும் காயமும்

வெள்ளை வளையம் என்பது பூச்சுப் படலத்துக்குள் சிக்கிய ஈரம். மரம் வரை போகவில்லை. ஷெல்லாக், லாக்கர் ஆகியவற்றில் ஸ்பிரிட்டை மிகச் சிறிதளவு துணியில் தொட்டு, பட்டும் படாமலும் ஓரிரு முறை வீசித் துடைத்தால் பெரும்பாலும் மறையும். கறுப்பு வளையம் மரத்துக்குள் நடந்த வேதிவினை. இரும்பும் ஈரமும் டானினோடு சேர்ந்ததன் விளைவு. இதற்கு ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும். படலப்பூச்சு இருந்தால் அதை நீக்கிய பிறகே அமிலம் மரத்தைத் தொடும். வெந்நீரில் தூளைக் கரைத்து, ஆறவிட்டு, கறையின்மேல் மட்டுமன்றி அந்தப் பலகை முழுவதிலும் பஞ்சால் மெல்லிதாகத் தடவுங்கள். கறையில் மட்டும் தடவினால் கறுப்பு வளையம் இருந்த இடத்தில் வெளிறிய வளையம் வந்து நிற்கும். உலர்ந்தபின் ஈரத்துணியால் பலமுறை துடைத்து எச்சத்தை நீக்க வேண்டும். இது நச்சு. கையுறை அணியுங்கள், குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள், எச்சம் முழுவதும் போகும்வரை அந்தப் பரப்பை உப்புத்தாளால் தொடாதீர்கள். தூளாகக் கிளம்பினால் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

எண்ணெய்ப் பூச்சுள்ள பெட்டியில் பள்ளமாக அமுங்கிய காயம் இருந்தால், அங்கே மரநார் அறுபடவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது. நனைத்துப் பிழிந்த துணியை மடித்து அதன்மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில விநாடி அழுத்தி எடுங்கள். நீராவி நாரை ஊதவைத்துப் பள்ளத்தை மேலே கொண்டுவரும். ஒரே மூச்சில் நெடுநேரம் அழுத்தாதீர்கள். வெனீரைப் பிடித்திருக்கும் பசையும் சூட்டில் இளகும்.

தட்டிப் பார்த்துக் குறித்து வைத்த பொள்ளல்களுக்கு வருவோம். விளிம்பில் விட்டுப்போயிருந்தால் மெல்லிய அட்டைத் துண்டால் ஃபெவிகாலை உள்ளே செலுத்தலாம். நடுப்பகுதியில் கொப்புளமாக இருந்தால், கூரிய பிளேடால் ரேகையின் திசையிலேயே சிறு கீறல் இட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசிக்குழலால் சற்றே நீர்த்த ஃபெவிகாலைச் செலுத்தி, மேலே வெண்ணெய்த்தாளும் அதன்மேல் சமமான பலகையும் வைத்து, ஒரு நாள் முழுவதும் பாரம் ஏற்றி வையுங்கள். வெளியே வழிந்த பசையை உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசை இருந்த இடத்தில் எண்ணெய் ஊறாது. கடைசிக் கட்டத்தில் அது வெள்ளைத் திட்டாகப் பல்லிளிக்கும்.

மூலையில் வெனீர் உடைந்து காணாமற்போயிருந்தால் அதே இன மரத்தின் ஏட்டிலிருந்து ஒட்டுத்துண்டு வெட்ட வேண்டும். சதுரமாக வெட்டாதீர்கள். ரேகைக்குக் குறுக்கே ஓடும் நேர்க்கோடு எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தினாலும் கண்ணில் படும். படகுபோல் இரு முனையும் கூர்த்த துண்டாக வெட்டிப் பொருத்தினால் இணைப்பு ரேகையோடு ரேகையாக மறைந்துவிடும். இன்று கடையில் கிடைக்கும் வெனீர் பழையதைவிட மெல்லியது என்பதால் துண்டு சற்றுத் தாழ்ந்து நிற்கலாம். அடியில் இன்னோர் ஏட்டை ஒட்டி மட்டம் சரிசெய்யுங்கள். மூலையில் தூள்பலகையே நொறுங்கியிருந்தால், முதலில் அரால்டைட் ஊற்றி இறுகவைத்து, அதை உரு வரும்படி அராவிய பின்னரே ஒட்டுப்போட வேண்டும்.

உரிப்பதும் தேய்ப்பதும் தவிர்க்க முடியாதபோது

யாரோ மேலே பெயின்டோ பாலியூரித்தேனோ அடித்திருந்தால் உரித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு உப்புத்தாளைவிடக் கூழ்வடிவப் பெயின்ட் ரிமூவர் மேல். அது பூச்சை மட்டும் இளக்கும், மரத்தைக் குறைக்காது. மொட்டைமாடியிலோ திறந்த முற்றத்திலோ, கையுறையும் கண்கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். பூச்சு சுருங்கி எழுந்ததும் முனை மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் ரேகையின் போக்கில் வழித்தெடுத்து, தின்னர் தொட்ட துணியால் எச்சத்தைத் துடையுங்கள். ரிமூவரின் ஆவியும் துளியும் வூஃபரின் நுரை விளிம்பைக் கரைத்துவிடும். இந்த வேலை உண்டென்றால் மட்டும், அனுபவமுள்ள ஒருவரின் துணையோடு ட்ரைவர்களைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. கழற்றும்போது எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று படம் எடுத்து, நிறத்தையும் எழுதி வையுங்கள்.

இப்போது உப்புத்தாள். அறுபதுகளின் அமெரிக்க வெனீர் சுமார் 0.9 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது; உங்களுக்கு முன் எத்தனை பேர் அதைத் தேய்த்தார்கள் என்பதை மரம் சொல்லாது. ஆகவே மின்சாரத் தேய்ப்பான் வேண்டவே வேண்டாம். 220-ஆம் எண் தாளைத் தக்கைக் கட்டையில் சுற்றி, பலகை முழுவதும் பென்சிலால் மிக மெல்லிய அலைக்கோடுகள் இழுத்து, ரேகையின் போக்கில் சீராகத் தேயுங்கள். எல்லாக் கோடுகளும் மறைந்த கணத்தில் நிறுத்திவிடுங்கள். அதன்பின் 320-ஆம் எண்ணால் சிலமுறை தடவினால் போதும். விரலால் மட்டும் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுந்தும் இடம் குழியும். விளிம்பை நெருங்கும்போது கட்டை வெளியே சரிந்து விளிம்பை வட்டமாக்கிவிடும் என்பதால், கட்டையின் பாதிக்கு மேல் எப்போதும் பலகையின்மீதே இருக்கட்டும். என் முதல் பெட்டி அந்தச் சரிவில்தான் போனது. ஆழமான கீறல் ஒன்று போகவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். ஐம்பது வயதுப் பெட்டியில் ஒரு கீறல் இருப்பது குறையாகாது, வெனீருக்கு அடியில் இருக்கும் தூள்பலகை தெரிவதுதான் குறை.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. மற்றப் பல மரங்கள் வெளிச்சத்தில் கறுக்க, வால்நட் வெளுக்கும். சன்னலோரம் நின்ற பெட்டி பொன்னிறமாகவும் இருட்டு மூலையில் நின்றது அடர்பழுப்பாகவும் இருப்பது அதனால்தான். இரண்டையும் சாயம் ஏற்றி ஒன்றாக்க முனைவதற்கு முன், இரண்டையும் டர்பன்டைனில் நனைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வேறுபாடு நினைத்ததில் பாதிதான் இருக்கும்.

எண்ணெய்

எண்ணெய் என்றதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ நினைவுக்கு வரும். அவை கூடா. காற்று பட்டுத் தாமே இறுகிப் படலமாகும் எண்ணெய்களே மரத்துக்குப் பூச்சாகும். தேங்காயெண்ணெய் எத்தனை மாதமானாலும் எண்ணெயாகவே இருந்து, தூசியைச் சேர்த்து, சிக்கு வாடை அடிக்கும். இறுகும் இனத்தில் எளிதாகக் கிடைப்பது ஆளிவிதை எண்ணெய். அதிலும் உலர்த்திப்பொருள் சேர்த்த, ‘பாயில்டு லின்சீட்’ என்று விற்பதைத்தான் வாங்க வேண்டும். பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்கில் ஆகும். எண்ணெயோடு வார்னிஷும் கரைப்பானும் கலந்த டேனிஷ் ஆயில் கிடைத்தால் இன்னும் நல்லது; கையாள எளிது, நீரையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

தூசி அடங்கிய நாளில், டர்பன்டைன் துணியால் பெட்டியைத் துடைத்துக் காயவிட்டு, எண்ணெயைத் தாராளமாகப் பூசுங்கள். லின்சீட்டாக இருந்தால் முதல் பூச்சில் கால்பங்கு டர்பன்டைன் கலப்பது ஊறுவதற்கு உதவும். வறண்ட இடங்கள் உடனே குடித்துவிடும். அங்கே மீண்டும் கொடுங்கள். இருபது நிமிடம் கழித்து, மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். முழுவதையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: துடைக்காமல் விட்ட எண்ணெய் மரத்துக்குள் போகாது, மேலேயே பாகுபோல ஒட்டிக்கொண்டு இறுகும். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாம் பூச்சும், அதேபோல் மூன்றாம் பூச்சும் கொடுக்கலாம். இரண்டாம் பூச்சின்போது, எண்ணெய் ஈரமாக இருக்கையிலேயே 400 அல்லது 600-ஆம் எண் நீர்த்தாளால் மிக மெல்லத் தடவினால், கிளம்பும் மரக்கூழ் நுண்துளைகளை நிரப்பிப் பரப்பைப் பட்டுப்போலாக்கும்; விளிம்புகளைத் தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எண்ணெய் உலர இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகலாம். விரல் வைத்தால் ஒட்டுகிற பூச்சின்மேல் அடுத்ததைக் கொடுக்கக் கூடாது.

எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும்; விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும், சுருட்டிய துணிக்குள் சேர்ந்துகொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இது மிகைப்படுத்தல் அன்று. 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-ஆம் தளத்தில் மரப்பலகைகளைப் புதுப்பித்த வேலையாட்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து தீ மூண்டது; அதை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தனர். துணிகளை மொட்டைமாடிக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்து விறைப்பாகும்வரை காயப்போடுங்கள். அது முடியாவிட்டால், தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் மூழ்கவைத்து வீட்டுக்கு வெளியே வையுங்கள். கையில் துணி இருக்கும்போதே டப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

மெழுகு பூசுவது விருப்பத்தைப் பொறுத்தது. பூசுவதானால் எண்ணெய் நன்றாக இறுகிய பிறகு, தேன்மெழுகு அடிப்படையிலான களிம்பை மிக மெல்லிதாகத் தடவித் துடைத்தெடுங்கள். சிலிகோன் கலந்த ஸ்பிரே பாலிஷ்களை மட்டும் அண்டவிடாதீர்கள். பின்னாளில் யாரேனும் மறுபூச்சு கொடுக்க முயன்றால், சிலிகோன் ஊறிய இடத்தில் பூச்சு ஒட்டாமல் மீன்கண்போலக் குழிகுழியாக விலகும்.

மீண்டும் கூட்டுதல்

துணிச்சட்டத்தை மென்மையான தூரிகை பொருத்திய வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். பழைய லினன் துணியைத் துவைத்தால் சுருங்கி, சட்டத்தையே வளைத்துவிடும். பித்தளைச் சின்னத்தைப் புளி போட்டுத் துலக்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். அது இத்தனை ஆண்டுகளில் அடைந்த நிறம் மரத்தோடு பொருந்தியிருக்கிறது.

ட்ரைவர்களைக் கழற்றியிருந்தால், திரும்பப் பொருத்தியதும் காற்றடைப்பைச் சோதிக்க வேண்டும். வூஃபரின் கூம்பை இரு கைகளின் விரல்களாலும் நடுவட்டத்தைச் சுற்றி மெதுவாக, சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். மூடிய பெட்டியில் அது உடனே துள்ளித் திரும்பாமல், தயங்கித் தயங்கி வர வேண்டும். சட்டென்று திரும்பினால் எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் விளிம்பு மக்கு சரியாக அமரவில்லை என்று பொருள். நுரை விளிம்பு தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல், முதலில் அந்த விளிம்பை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

விரலுக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் எண்ணெய் உள்ளே முழுதும் இறுக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை பெட்டியின்மேல் எதையும் வைக்காதீர்கள். குறிப்பாக, ரப்பர் கால் வைத்த ஆம்ப்ளிஃபயரையோ டர்ன்டேபிளையோ வைத்தால் நான்கு வட்டங்கள் நிரந்தரமாகப் பதிந்துவிடும். வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து இரண்டு பெட்டிகளையும் நிறுத்துங்கள். சன்னல் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடத்தை மாற்றி வையுங்கள், இரண்டும் ஒன்றுபோல் வெளுக்கும்.